விசிறியை நிறுத்திய மதியம்

மே 9

டாக்டரம்மாவுக்கு,

'அன்புள்ள தங்கைக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். கை ஓடவில்லை. உன் அறிக்கையில் நான் அண்ணன் இல்லை, 'பண்ணையாளர்'. ஆகவே ஒரு பண்ணையாளர் கால்நடை மருத்துவருக்கு எழுதுவதாகவே வைத்துக்கொள். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், பாதியில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். அதனால்தான் காகிதம்.

நேற்று உன் அலுவலகத்து ஆள் வந்து நகலை நீட்டினார். வாசலில் நின்றபடியே படித்தேன். 'தேவையற்ற வேதனை.' 'குரூரமான முறை.' 'பண்ணை அனுமதியை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன்.' கீழே உன் கையெழுத்து. கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம் இருவருக்கும் என்ன உறவு என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பறவைக் காய்ச்சல் வந்தது பக்கத்துப் பண்ணையில். என் கொட்டகையில் ஒரு கோழிகூடத் தும்மவில்லை. இருந்தும் சுற்றுவட்டத்தில் இருக்கிற அத்தனை கோழியையும் கொல்லவேண்டும் என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டவள் நீ. நான் கொன்றேன். சொன்னவள் தர்மதேவதை, செய்தவன் கொடூரனா? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற படிப்பை எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

குஞ்சும் தீனியும் கம்பெனியுடையவை, கொட்டகையும் உழைப்பும் மட்டும்தான் என்னுடையவை. இது உனக்குத் தெரியாததல்ல. கம்பெனி சூப்பர்வைசர் வந்து நின்றுகொண்டு, "ஃபேன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் படுதாவை இறக்கி விடுங்க. மிச்சத்தை வெயில் பாத்துக்கும்" என்றான். செய்தேன். செய்யாவிட்டால் இனி இந்தக் கொட்டகைக்குக் குஞ்சு வராது. குஞ்சு வராத கொட்டகையில் நான் என்ன, பந்து விளையாடவா?

உன் அண்ணி அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதற்கும் நீதான் காரணம் என்று சொல்லமாட்டேன். சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

பண்ணையாளர்

*

மே 13

அண்ணா,

டாக்டரம்மா என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய். வந்தது.

உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான். அந்தக் காய்ச்சல் மனிதர்களுக்கும் தொற்றும். கோழியோடு முதலில் மூச்சுவிடுவது நீயும் அண்ணியும். அதை நினைத்துத்தான் போட்டேன். ஆனால் அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு என்ன சொன்னேன்? "அண்ணா, நாளைக்கு மதியத்துக்குள்ள கேஸ் வண்டி வந்துடும். அதுவரைக்கும் தண்ணி வை, தீனி போடு, ஃபேன் ஓடட்டும். வேற எதையும் தொடாதே" என்றேன். நீ "சரி பாப்பா" என்றாய். கேஸ் வண்டியில் கோழிகள் மயங்கி விழும், சற்று நேரத்தில் முடிந்துவிடும். நல்ல சாவு என்று நான் சொல்லவரவில்லை. சாவதற்கும் வதைபடுவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. என் வேலையே அந்தக் கோட்டின்மேல் நிற்பதுதான்.

மறுநாள் வண்டி வரவில்லை. அதற்கடுத்த காலையில் நான் ஆட்களோடு வந்தேன். நீ வீட்டுக்குள் இருந்தாய், வெளியே வரவில்லை. ஆகவே உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. அடுப்பின் வாயைத் திறந்ததுபோல. என்னோடு வந்த உதவியாளர் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். முகக்கவசத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடி வாந்தியெடுத்தார். கோழிக்கு வியர்க்காது, அண்ணா. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். உன் கொட்டகையில் அத்தனையும் வாயைத் திறந்தபடியே செத்துக் கிடந்தன. இறக்கை அகலமாக விரிந்திருந்தது. தண்ணீர்க் குழாயின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

எல்லாம் செத்திருந்தால் அறிக்கையில் ஒரு வரி குறைந்திருக்கும். சாகவில்லை. சுவர் ஓரத்தில் பிணங்களுக்கு அடியில் சில உயிரோடு இருந்தன. கண் திறந்திருந்தது. கழுத்தைத் திருகி முடித்தவள் நான். ஒவ்வொன்றாக. நீ வளர்த்ததை.

இன்னொன்று. ஃபேன் இருக்கிற முனையில் குவியல் என் இடுப்பு உயரம் இருந்தது. காற்று நின்றால் கோழி தண்ணீரைத் தேடும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே துவளும். நின்ற காற்று மறுபடி வந்தால்தான் அந்தப் பக்கம் ஓடும். ஓடியிருக்கின்றன. ஓடியபிறகு மறுபடியும் காற்று நின்றிருக்கிறது. நிறுத்தி, போட்டு, மறுபடி நிறுத்தியிருக்கிறாய். அவற்றின் வதை அதனால் இரண்டு மடங்கு. என்ன அது? பரிசோதனையா? விளையாட்டா? 'குரூரமான' என்ற சொல்லை நான் அந்தக் குவியலைப் பார்த்தபிறகுதான் எழுதினேன்.

பதில் சொல்.

தங்கை

*

மே 17

டாக்டரம்மா,

கேள்வி கேட்கத் தெரிகிறது உனக்கு. கேட்டுக்கொள்ளவும் பழகு.

இது என்ன பறவை என்று உனக்குத் தெரியுமே? உன்னைப்போலப் படித்தவர்கள் உண்டாக்கிய இனம். மார்பில் கறி கூடவேண்டும் என்று கூட்டிக் கூட்டி, தன் கனத்தைத் தன் காலே தாங்காமல் உட்கார்ந்துகொண்டே தின்கிற பிறவி. நான் தினமும் காலையில் உள்ளே போவது எதற்கு? எழுந்திருக்க முடியாததைப் பொறுக்கி வாளியில் போட. ஆறாவது வாரம் லாரி வரும். காலைப் பிடித்துத் தலைகீழாக, கைக்கு நாலு ஐந்தாகத் தூக்கிக் கூண்டில் திணிப்பார்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நானும்தான். இதற்கெல்லாம் உன் இலாகா 'தகுதியான பண்ணை' என்று முத்திரை குத்தி, சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்ளக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தது. முத்திரை குத்தியதும் நீ.

அப்போதெல்லாம் உன் கோடு எங்கே இருந்தது? நீ எங்கே இருந்தாய் என்று நான் சொல்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். "அண்ணி கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சிக்கொண்டு. ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுதால்கூடப் பரவாயில்லை, ஓநாய் அறிக்கையும் எழுதுகிறது.

மழுப்பாமல் பதில் சொல். காய்ச்சலே வராமல், அந்த வாரக் கடைசியில் வழக்கம்போல லாரி வந்து ஏற்றிப்போயிருந்தால், எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியிருப்பாயா?

அப்புறம், கேஸ் வண்டி. 'வரவில்லை' என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டாய். ஏன் வரவில்லை என்று விசாரித்தாயா? நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி என் வாசலைத் தாண்டித்தான் போனது. கையைக்கூடக் காட்டினேன். ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து, "கம்பெனியோட சொந்தப் பண்ணைக்கு மொதல்ல போகச் சொல்லிட்டாங்க. அங்க டிவிக்காரங்க வர்றாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேமராவுக்கு முன்னால் சாகிற கோழிக்கு வாயு. என்னுடையதற்கு வெயில்.

அந்த ஃபேன் விஷயத்தை இன்னொரு தடவை கேட்காதே. நிறுத்தினேன், போட்டேன், நிறுத்தினேன். எல்லாம் நான்தான். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

*

மே 22

அண்ணா,

எழுதியிருக்கமாட்டேன்.

லாரி வந்து ஏற்றிப்போயிருந்தால் நான் கோபப்பட்டிருக்கவே மாட்டேன். மழுப்பாமல் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகைகளில் நான் எதைப் பார்க்காமல் பார்த்தேனோ, எந்தத் தாளில் எந்த முத்திரையைக் குத்தினேனோ, அதெல்லாம் ஞாபகம் வந்து எதிரே நிற்கிறது. உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல் திரும்புகிறது.

ஆனால் அதைக் காட்டி நீ தப்பிக்க முடியாது. நான் பாதிக் குருடியாக இருந்தேன் என்பதால் நீ செய்தது வெளிச்சமாகிவிடாது. இதுவரை நடந்தது தவறு என்றால் அன்று மதியம் நடந்தது அதைவிடப் பெரிய தவறுதான், சின்னதாகிவிடாது.

கேஸ் வண்டியைப் பற்றி நீ சொன்னது உண்மை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வண்டி பழுது என்றுதான் என்னிடம் சொன்னார்கள். நேரே மேலதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் தேநீரைக் கீழே வைக்காமலே பேசினார்.

"எப்படியும் சாகப்போற கோழிதானே, மேடம். ஒரு நாள் முன்ன, ஒரு நாள் பின்ன. இதுக்குப்போய் ஏன் மூச்சு வாங்குறீங்க?"

"மூச்சு வாங்கினது நான் இல்ல சார்" என்றேன்.

"உங்க அண்ணன் பண்ணையாமே அது? குடும்பச் சண்டைய ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க."

அவர் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்துச் சுவரில் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. வெளியே வந்து அவர்மேல் புகார் எழுதினேன், அவருக்கும் மேலே இருப்பவருக்கு.

எப்படியும் சாகப்போகிறது. இதையே உன் சூப்பர்வைசரும் சொல்லியிருப்பான். நீயும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாய். நாம் எல்லோரும்தான் எப்படியும் சாகப்போகிறோம். அதற்காக யாரும் நம் அறையில் காற்றை நிறுத்துவதில்லையே.

விசாரணை வைத்திருக்கிறார்கள். கம்பெனி என்ன சொல்லப்போகிறது என்று இப்போதே தெரியும்: 'பண்ணையாளர் தன்னிச்சையாகச் செய்தார்.' நீ சூப்பர்வைசரைக் காட்டிக்கொடுக்கவேண்டும். ஃபேனை மறுபடி போடச் சொன்னதும் அவன்தானே? எத்தனை நேரத்தில் சாகிறது என்று பார்த்தானா? யாரைக் காப்பாற்றுகிறாய் நீ? சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு என்ன விசுவாசம்?

தங்கை

*

மே 26

பாப்பா,

கடைசியில் உன் வாயை அடைக்க இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அன்று உன் அண்ணி பக்கத்துத் தெருவில் தையல் கடைக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசரை வரச் சொன்னேன். எனக்கே வெட்கம் இருந்திருக்கிறது, பார். ஃபேனை நிறுத்திப் படுதாவை இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்றோம். முதலில் வழக்கமான சத்தம். பிறகு அது உயர்ந்தது. மழை தகரத்தில் விழுகிற மாதிரி. சூப்பர்வைசர் போனில் பாட்டு வைத்தான். அடிக்கலாம் என்று கை எழுந்தது. அடிக்கவில்லை. அவனா என் கையைப் பிடித்து சுவிட்சை அழுத்த வைத்தான்?

சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ஃபேன் ஓட ஆரம்பித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் உன் அண்ணி. கடைப்பையோடு அப்படியே சுவிட்ச் பெட்டி முன்னால் நிற்கிறாள். குஞ்சு வந்து இறங்குகிற அன்று ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் குடிக்கப் பழக்குகிறவள் அவள்தான், உனக்குத் தெரியும்.

"என்னடி பண்ணின?"

"உங்களுக்குக் கேக்கலையா? காது செத்துப்போச்சா?"

"முடியப்போறதை இழுத்து விட்டுட்டியேடி, பாவி!"

"யாரு பாவி? சொல்லுங்க. யாரு பாவி?"

உள்ளே மறுபடி அந்தச் சத்தம் எழுந்தது. மயங்கிக் கிடந்ததெல்லாம் எழுந்து காற்றுப் பக்கம் ஓடுகிற சத்தம். நீ பார்த்த குவியல் அதுதான். சூப்பர்வைசர் பின்னாலிருந்து, "பாதில விட்டா இன்னும் கொடுமை சார், ஆஃப் பண்ணுங்க" என்றான். அவன் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கிழிந்தது. அவளைத் தள்ளிவிட்டுத்தான் நிறுத்தினேன். அவள் கீழே விழுந்தாள். எழுந்திருக்கவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

'வதை அதனால் இரண்டு மடங்கு' என்று நீ எழுதியிருந்தாயே, அதை அவள் படித்தாள். என் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். "அப்ப நான்தானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உன்மேல் உண்மையான கோபம் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வாய்க்கோபம்.

அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. நான் போட்டேன், நான் நிறுத்தினேன். அவ்வளவுதான்.

அண்ணன்

*

மே 30

அண்ணா,

கிழிக்கவில்லை. ஆனால் யாருக்கும் காட்டமாட்டேன். அறிக்கையில் அண்ணியைப் பற்றி ஓர் எழுத்தும் சேராது.

அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டு. நீ படித்துக் காட்டமாட்டாய் என்றால் காகிதத்தைக் கொடுத்துவிடு. அண்ணி, அந்த வரியை எழுதியவள் ஒரு முட்டாள். அங்கே இருந்தவர்களில் கோழிக்குக் காற்று வேண்டும் என்று நினைத்தது நீங்கள் ஒருவர்தான். அதை இரண்டாவது தடவை பறித்தது நீங்கள் இல்லை. நல்லது செய்தவர் தலையில் அதன் விளைவைக் கட்டிவிட்டு, கெட்டது செய்தவர்கள் கை கழுவிக்கொண்டு போவது இந்த விவகாரத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரே பாடம். நானும் அதற்குத் துணைபோனேன்.

அண்ணா, இனி உனக்கு. அண்ணியைத் தள்ளிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவு நாள் கோழிக்காகக் கோபப்பட்டேன். இப்போது அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. உன்னை மன்னிக்கிற நிலைமையில் நான் இல்லை.

புகார் வேலை செய்துவிட்டது, ஆனால் என்மேல். என்னை மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். குளிர்பெட்டிகளும் அட்டைப்பெட்டிகளும். கரப்பானைத் தவிர உயிருள்ளது எதுவும் கிடையாது. விசாரணைக்கும் என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள், 'உறவினர்' என்பதால். உன்னை நான் 'பண்ணையாளர்' என்று எழுதியது அவர்களுக்குப் போதவில்லை.

ஆகவே அங்கே நீ தனியாகத்தான் நிற்கப்போகிறாய். தன்னிச்சையாகச் செய்தேன் என்று சொன்னால் குஞ்சு தருவார்கள். சொல்லியனுப்பியிருப்பார்கள், இல்லையா? சொல்லிவிட்டால் அடுத்த கோடையில் அந்த சூப்பர்வைசர் வேறொரு கொட்டகை வாசலில் நின்று, மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்பான். அங்கேயும் ஒரு அண்ணி இருப்பாள்.

தங்கை

*

ஜூன் 21

பாப்பா,

விசாரணை முடிந்து நாளாகிவிட்டது. வேண்டுமென்றே எழுதவில்லை. நீ நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்றுதான்.

நீ சொன்னது சரி, ஆள் அனுப்பியிருந்தார்கள். அந்த சூப்பர்வைசரே வந்தான், பழம் வாங்கிக்கொண்டு. "நீங்களா முடிவெடுத்ததா சொல்லிடுங்க சார். அடுத்த வாரமே குஞ்சு இறக்கிடறோம்" என்றான். உன் அண்ணி பழத்தை வாங்கிப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். அவன் பார்க்கப் பார்க்க.

ஒரு நீளமான அறை. எதிரே மூன்று பேர். கம்பெனி வக்கீல் ஓரத்தில், என்னோடு வந்த உன் அண்ணி பின்பெஞ்சில். நான் போகும்போது என்ன சொல்வது என்று முடிவு செய்யவில்லை, அதுதான் உண்மை. நாற்காலியில் உட்கார்ந்தபோதுகூட வாயில் பொய்தான் இருந்தது. நடுவில் இருந்தவர் கேட்டார்: "ஃபேனை நிறுத்தச் சொன்னது யார்?"

"சூப்பர்வைசர் சொன்னாரு. ஆனா நிறுத்தினது நான்தான். ரெண்டையும் எழுதிக்கங்க" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வக்கீல் எழுந்தார். "நடுவில் ஃபேன் மறுபடி ஓடியிருக்கிறது. நிறுத்தச் சொன்னவர் எதற்குப் போடச் சொல்லப்போகிறார்? ஆகவே இது முழுக்க இவருடைய சொந்த விளையாட்டு" என்றார். 'விளையாட்டு'. உன் வார்த்தைதான், அவருக்கும் அதுவேதான் கிடைத்திருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பெஞ்சு நகர்ந்தது. உன் அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். நான் கண்ணால் சைகை காட்டினேன், உட்காரு என்று. என்னை அவள் பார்க்கவே இல்லை.

"நான்தான் போட்டேன். யாரும் சொல்லல."

"எதற்காகப் போட்டீர்கள்?"

"கத்துச்சுங்க."

அவ்வளவுதான். அந்த மூன்று பேரும் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதனால அதுங்களுக்கு இன்னும் கஷ்டமாயிடுச்சுன்னு இப்பத் தெரியும். தெரிஞ்சும் சொல்றேன், மறுபடி அப்படிச் சத்தம் கேட்டா மறுபடி போடுவேன். போட்டதை ஏன்னு கேக்குறீங்களே, நிறுத்தினதை ஏன்னு கேளுங்க" என்றாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

முடிவு என்ன என்று கேட்பாய். என் அனுமதி ரத்து. நீ பரிந்துரைத்தது நிறைவேறிவிட்டது, சந்தோஷப்படு. சூப்பர்வைசரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். உன் மேலதிகாரியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. கொட்டகை காலியாகக் கிடக்கிறது. உன் அண்ணி அதைக் கழுவினாள். என்னை உள்ளே விடவில்லை, தனியாகவே கழுவினாள். என்னோடு பேசுகிறாள், வீட்டு விஷயம் மட்டும். அன்று தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். அந்த 'ம்' என்ன 'ம்' என்று இன்னும் தெரியவில்லை.

வயிறு இருக்கிறதே. வேறொரு கம்பெனியில் கோழி ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டுவாய் என்று தெரியும். திட்டிக்கொள். எனக்குத் தெரிந்த வேலை கோழியைச் சுற்றித்தான் இருக்கிறது. ஏற்றும்போது காலைப் பிடித்துத் தூக்கினால் இப்போது கண் அந்தப் பக்கம் போய்விடுகிறது. முன்னால் போகாது. இது நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வேலை கெட்டுப்போகிறது, அது மட்டும் தெரிகிறது.

முந்தாநாள் நல்ல வெயில். வழியில் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். நிழல் இல்லை. கூண்டுக்குள் எல்லாம் வாயைத் திறந்துவிட்டன. நான் இறங்கிப்போய் அங்கே இருந்த குழாயில் வாளி வாளியாகப் பிடித்துக் கூண்டுகள்மேல் ஊற்ற ஆரம்பித்தேன். கூட வந்த ஏற்றுக்கூலி ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணே, கறிக்குக் குளிப்பாட்டு நடக்குதா?" என்றான் ஒருவன். இன்னொருவன், "நாளைக்கு வெட்டப்போறதுக்கு இன்னைக்குத் தண்ணி எதுக்குண்ணே?" என்றான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. வாளியை அவன்மேல் எறிந்திருப்பேன், தண்ணீர் வீணாகும் என்று விட்டேன்.

"வெட்டுறது நாளைக்குத்தான்டா. தாகம் இன்னைக்கு" என்றேன்.

சிரிப்பு நிற்கவில்லை. நான் அடுத்த கூண்டுக்குப் போனேன்.

அண்ணன்